ஒரு தூசியின் 142 ஆண்டுகள்

1862 ஜூலை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் மராத்தான் என்ற சிற்றூரில் லூயிஸ் ஸ்விஃப்ட் தன் தொலைநோக்கியில் மங்கலான ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அன்றைக்கு வானியல் அவருக்குத் தொழில் அல்ல, தீராத ஆசை. மூன்று நாள் கழித்து ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹொரேஸ் டட்டிலும் அதே வால்வெள்ளியைத் தனியாகக் கண்டுபிடித்தார். இருவர் பெயரும் சேர்ந்து அது ஸ்விஃப்ட்-டட்டில் ஆயிற்று.

சுமார் 26 கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட அந்தப் பனிக்கரு, 130 ஆண்டுகளுக்கு ஒருமுறை போலச் சூரியனை நெருங்கிவிட்டுப் போகும். அந்த ஆகஸ்டில் வெயில் ஏறியதும் அதன் பனி ஆவியாகிப் பீறிட்டது. ஆவியோடு தூசியும் கிளம்பியது. எண்ணிலடங்காத அந்தத் துகள்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருமன் ஒரு மில்லிமீட்டர், எடை ஒரு மில்லிகிராம். சிறிய ஓர் உப்புக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கிவிடும்.

142 ஆண்டு கழித்து இந்தத் துகள் தெற்குப் போலந்தின் வானில் எரிந்து முடியும். முடியும் அந்தக் கணத்தில், மியூனிக் பக்கம் ஒரு வீட்டில் இருப்பவரின் செய்தியைக் கீவ் நகரில் இருப்பவரிடம் சேர்க்கும். துகளும் அந்த இரு நிலையங்களும் கதைக்காக நான் தேர்ந்துகொண்டவை. துகள் வந்த பாதையும், அதைப் போன்றவை பூமிக்கு வந்து சேர்ந்த இரவும், அதை வரவேற்கக் காத்திருந்த விளையாட்டும் உண்மையானவை.

போகும் வழி

வால்வெள்ளியை விட்டுப் பிரிந்த வேகமும் சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தமும் சேர்ந்து துகளின் பாதையைச் சற்றே நீட்டிவிட்டன. தாய் வால்வெள்ளி 1992 டிசம்பரில் சூரியனருகே திரும்பிவிட்டது. துகளுக்கு அதைவிடப் பன்னிரண்டு ஆண்டு கூடுதலாயிற்று.

துகள் கிளம்பி நான்கு ஆண்டில் சனிக்கோளின் தூரத்தைக் கடந்திருந்தது. அப்போது, 1866-இல், மிலான் நகரில் ஜியோவன்னி ஸ்கியாபரெல்லி ஒரு கணக்கைப் போட்டு முடித்தார். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பெர்சியஸ் விண்மீன் குழுவின் திசையிலிருந்து பொழியும் எரிகற்கள், ஸ்விஃப்ட்-டட்டில் செல்லும் பாதையிலேயே வருகின்றன என்றார். எரிகல் பொழிவுக்கும் வால்வெள்ளிக்கும் உள்ள உறவு முதன்முதலாகத் தெளிவானது அப்போதுதான். அதுவரை ஐரோப்பியக் கிராமத்தார் அவற்றைப் புனித லாரன்ஸின் கண்ணீர் என்றே சொல்லிவந்தார்கள்.

1888-இல் துகள் நெப்டியூனின் தூரத்தையும் தாண்டிவிட்டது. அந்த ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே எதிரொளிக்கும் என்று காட்டினார். துகள் வால்வெள்ளியை விட்டுப் புறப்பட்டபோது பூமியில் வானொலி என்று ஒன்று கிடையாது. தன் கடைசிக் கணத்தில் அது செய்யப்போகும் வேலைக்கான கருவி, அது பாதி வழி போவதற்குள் பிறந்துவிட்டது.

1933 வாக்கில் துகள் தன் பாதையின் கடைக்கோடியை அடைந்தது. சூரியனிலிருந்து ஏறத்தாழ 800 கோடி கிலோமீட்டர். அங்கே அதன் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சூரியனின் ஈர்ப்பு அதைத் திருப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பூமியில் ஒரு சந்தேகம் முளைத்தது. எரிகற்கள் வானொலி அலைகளைப் பாதிக்கின்றனவோ என்று 1929-இல் ஜப்பானின் ஹன்டாரோ நாகாவோகா எழுதினார். அமெரிக்காவில் கிரீன்லீஃப் பிக்கார்டும், பெல் ஆய்வகத்தின் ஏ. எம். ஸ்கெல்லட்டும் 1930களின் தொடக்கத்தில் எரிகல் பொழிவு நாட்களில், மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கான அயனிமண்டலம் கலங்குவதைக் கவனித்தார்கள்.

திரும்பும் வழி

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. லண்டன் மீது பாய்ந்த வி-2 ஏவுகணைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க பிரிட்டிஷ் ராணுவம் ரேடார்களை வானை நோக்கித் திருப்பியது. ஏவுகணை எதுவும் வராத நேரத்திலும் திரையில் எதிரொலிகள் தோன்றின. அவை எரிகற்களிலிருந்து வருகின்றன என்று ஜே. எஸ். ஹே கண்டறிந்தார். போர் முடிந்ததும் 1945 டிசம்பரில் பெர்னார்ட் லவல் ராணுவம் கழித்த ரேடார் ஒன்றை மான்செஸ்டருக்குத் தெற்கே ஜோட்ரெல் பேங்க் என்ற வயல்வெளிக்குக் கொண்டுபோனார். அவர் தேடியது காஸ்மிக் கதிர்களை. கிடைத்தவை எரிகல் எதிரொலிகள்.

ரேடார் தெரிந்த லவலுக்கு எரிகல் தெரியாது. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் மானிங் பிரென்டிஸ். வழக்கறிஞரான அவர், ஓய்வு நேரத்தில் எரிகற்களை எண்ணிவந்தவர். 1946 அக்டோபர் 9 நள்ளிரவுக்குப் பின் டிராகோனிட் என்ற எரிகல் பொழிவு கொட்டியபோது, பிரென்டிஸ் வெளியே நின்று வானத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க, உள்ளே ரேடார் திரையில் எதிரொலிகள் குவிந்தன. ஐயத்துக்கு இனி இடமில்லை.

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப ஒரே வகை மனிதர்கள் வருவதைப் பார்க்கிறோம். யாரும் கேட்காமல், சம்பளம் வாங்காமல், இரவில் விழித்திருப்பவர்கள். ஸ்விஃப்ட் அப்படி, பிரென்டிஸ் அப்படி. அடுத்து வரும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களும் அப்படியே.

144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நேர்கோட்டில் போகும் தன்மை கொண்டது. சாதாரண நாளில் அடிவானத்தைத் தாண்டிச் சில நூறு கிலோமீட்டர் எட்டினால் பெரிது. அயனிமண்டலம் அதை வளைத்து அனுப்பாது, ஊடுருவிப் போகவிட்டுவிடும். ஆனால் எரிகல் விட்டுச்செல்லும் மின்னேற்றத் தடம் அதைத் திருப்பி அனுப்பும் என்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு பேசலாம் அல்லவா? டென்னசியில் பால் வில்சனும் நியூஜெர்சியில் ரால்ஃப் தாமஸும் இதை விடாமல் முயன்றார்கள். மோர்ஸ் குறிகளை அனுப்புவதும், இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவதுமாகப் பல பொழிவுகள் போயின. 1954 அக்டோபரில், ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் இடைவெளியில், 144 மெகாஹெர்ட்ஸில், எரிகல் சிதறல் எனப்படும் இந்த வழியிலான முதல் தொடர்பை அவர்கள் முழுமையாக்கினார்கள். நம் துகள் அப்போதும் புளூட்டோவின் சராசரித் தூரத்துக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் வீடு திரும்பத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகான அரை நூற்றாண்டும் நேரத்தோடு நடந்த போராட்டம். 144 மெகாஹெர்ட்ஸில் எரிகல் தடத்தின் எதிரொலி பெரும்பாலும் ஒரு நொடியின் சிறு பகுதிதான் கேட்கும். அதைப் பிங் என்பார்கள். பெரிய துகளாக இருந்தால் சில நொடி நீளும், அது பர்ஸ்ட். ஒரு பிங்கிற்குள் மனிதர் ஒரு சொல்லைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே ஐரோப்பிய ஹாம்கள் மோர்ஸைக் கை எட்டாத வேகத்தில் அனுப்பத் தொடங்கினார்கள்: நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் எழுத்துகள். கேட்பவர் அதை டேப் ரெக்கார்டரில் பதிந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டி, எழுத்தெழுத்தாகப் பிரித்தெடுப்பார். டேப்பை முன்னும் பின்னும் ஓட்டித் தேடும் அந்த வேலை, வானத்தில் ஒரு கணத்தில் முடிந்ததைப் பூமியில் பல நிமிடம் நீட்டியது.

அந்த வேலையை எளிதாக்கிய கருவி வானியலிலிருந்து வந்தது. 1974-இல் ஜோசப் டெய்லரும் ரஸ்ஸல் ஹல்ஸும் அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு, வானொலித் துடிப்புகளை அனுப்பும் பல்சர் என்ற வகை விண்மீனை முதன்முதலாக இரட்டை விண்மீன் அமைப்பில் கண்டுபிடித்தார்கள். 1993-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இரைச்சலுக்குள் புதைந்த மிக மெல்லிய துடிப்பைத் தேடியெடுப்பதுதான் டெய்லரின் கலை. சிறுவயதிலிருந்தே ஹாமாக இருந்த அவர், அந்தக் கலையை 2001-இல் சக ஹாம்களுக்கு இலவச மென்பொருளாகக் கொடுத்தார். டபிள்யூ.எஸ்.ஜே.டி. என்பது அதன் பெயர். அதில் எரிகல் தொடர்புக்கென்றே எஃப்.எஸ்.கே.441 என்ற முறை இருந்தது. நான்கு ஒலிகள், மூன்று ஒலி சேர்ந்தால் ஓர் எழுத்து, நொடிக்கு 147 எழுத்து. மோர்ஸ் ஒரு நிமிடத்தில் அனுப்பியதை அது சில நொடிகளில் அனுப்பியது. பத்தில் ஒரு நொடி பிங் கிடைத்தாலே பதினைந்து எழுத்து வந்துசேரும். வீட்டுக் கணினியின் சவுண்டு கார்டு போதும். அந்த ஆண்டு நம் துகள் மீண்டும் சனிக்கோளின் தூரத்துக்கு வந்திருந்தது. அதற்கு இன்னும் மூன்றே ஆண்டு.

காத்திருக்கும் விளையாட்டு

எரிகல் சிதறல் எல்லா நாளும் நடக்கிறது. பூமி தன் பாதையில் முன்னேறும் பக்கம் விடியற்காலையில் நமக்கு மேலே இருப்பதால், அதிகாலையில் தூசி அதிகம், மாலையில் குறைவு. ஆனால் இரு முனையிலும் ஆள் இருந்தால்தான் அதனால் பயன். ஒருவர் அனுப்பும் நேரத்தில் இன்னொருவர் சரியான திசையில், சரியான அலைவரிசையில், சரியான முப்பது நொடியில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். போட்டி பிறந்தது இதனால்தான். எல்லோரும் ஒரே இரவில் காத்திருக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு நாள் குறித்தாக வேண்டும்.

பெர்சியஸ் திசையிலிருந்து வரும் அந்தப் பெர்சீட் பொழிவின் உச்சம் ஆகஸ்ட் 12, 13 வாக்கில் வருகிறது. அதையொட்டி ஜெர்மனியின் பவேரியா போட்டிக் கழகம் 144 மெகாஹெர்ட்ஸில் எரிகல் சிதறல் போட்டி நடத்திவருகிறது. அந்த நாட்களில் ஐரோப்பாவெங்கும் ஒரே திசையைக் குறிவைக்கும் யாகி ஆன்டெனாக்கள் அடிவானத்தை நோக்கித் திரும்பும். சில நூறு வாட் ஆற்றலும் பத்துக் கம்பி கொண்ட ஒரு யாகியும் இருந்தால் களத்தில் இறங்கலாம்.

விதிகள் எளியவை, கண்டிப்பானவை. அனுப்புவதும் கேட்பதும் கடிகாரப்படி மாறிமாறி. முதலில் இருவரின் அழைப்புக் குறிகளும் பரிமாறப்பட வேண்டும். அடுத்து ஈரிலக்க அறிக்கை: முதல் இலக்கம் எதிரொலி எவ்வளவு நேரம் நீண்டது, இரண்டாவது எவ்வளவு வலிமை. 26 என்றால் ஐந்து நொடிக்குள் முடிந்த எதிரொலி. முதல் இலக்கம் 3 ஆனால் இருபது நொடி வரை நீண்டது என்று பொருள். அறிக்கை கிடைத்ததும், பெற்றேன் என்பதைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்தைச் சேர்த்துத் தன் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசியாக மூன்று ஆர். இவ்வளவும் எரிகல் வழியாகவே வந்திருக்க வேண்டும். விட்டுப்போன எழுத்தைத் தொலைபேசியிலோ இணையத்திலோ கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்தத் தொடர்பு செல்லாது.

ஆக, ஒரு தொடர்புக்கு ஒரு துகள் போதாது. நாலைந்து துகள்கள், ஒவ்வொன்றும் செய்தியின் ஒரு கட்டத்தைச் சுமந்து தர வேண்டும். அரை மணி நேரம் அழைத்தும் கடைசி ஆர் கிடைக்காமல் கைவிட்ட தொடர்புகள் ஒவ்வொரு ஹாமின் குறிப்பேட்டிலும் இருக்கும்.

அரை நொடி

2004-க்கான கணக்கைப் பின்லாந்தின் எஸ்கோ லூட்டினென் உள்ளிட்டவர்கள் முன்பே போட்டுவைத்திருந்தார்கள். லூட்டினெனும் ஓர் ஆர்வலர். 1862-இல் ஸ்விஃப்ட்-டட்டில் உதிர்த்த தூசி, ஒரே ஒரு சுற்றை முடித்துக்கொண்டு, ஆகஸ்ட் 11 அன்று கிரீன்விச் நேரம் இரவு 9 மணிக்குச் சற்று முன் பூமியின் பாதையைத் தொடும் என்பது கணிப்பு. அந்த நேரத்தையொட்டியே வழக்கமான உச்சத்துக்கு முன்னதாக ஒரு பொழிவு எழுந்தது.

நம் துகள் அதில் ஒன்று. சூரியனைச் சுற்றி அது எதிர்த்திசையில் வருகிறது. பூமியும் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதை நோக்கிப் போகிறது. இரண்டும் சேர்ந்து மோதும் வேகம் நொடிக்கு 59 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசிக்கு, மூன்று பேரைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல் இருக்கிறது.

110 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய வெற்றிடம். ஆனாலும் அந்த வேகத்துக்கு அது போதும். மோதும் காற்று மூலக்கூறுகள் துகளைச் சூடாக்க, அதன் மேற்பரப்பு அணு அணுவாக ஆவியாகிறது. ஆவியான அணுக்கள் காற்றோடு மோதி எலெக்ட்ரான்களை இழக்கின்றன. அரை நொடிக்குள், 90 கிலோமீட்டர் உயரத்தை எட்டுமுன், துகள் தீர்ந்துவிடுகிறது. பின்னால் இருப்பது பல கிலோமீட்டர் நீளமும் மீட்டர் கணக்கில் அகலமும் கொண்ட எலெக்ட்ரான் தடம். பிறந்த கணத்திலிருந்தே அது காற்றில் பரவிக் கலைகிறது. 144 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீட்டர். தடத்தின் அகலம் அந்த அளவை மீறினால் எதிரொலி தேயும். 50 மெகாஹெர்ட்ஸில் அதே தடம் இன்னும் நீண்ட நேரம் உழைக்கும். 432-இல் தோன்றியதும் போய்விடும். ஹாம்கள் 144-ஐ விரும்பக் காரணம், அது அரிதாகவும் கிடைக்கிறது, அடைய முடியாததாகவும் இல்லை.

மியூனிக்கிலிருந்து கீவ் ஏறத்தாழ 1400 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே தெற்குப் போலந்து. பெர்சீட்கள் அந்த நேரத்தில் வடகிழக்கிலிருந்து வருகின்றன. கிழக்கு மேற்காக அமைந்த பாதைக்கு அது நல்ல கோணம். மியூனிக்கின் ஆன்டெனாவுக்கு அந்தத் தடம் அடிவானத்துக்கு மேல் ஐந்து டிகிரியில் இருக்கிறது. கீவ் நகரத்து ஆன்டெனாவுக்கும் அப்படியே. இருவரும் ஒரே வெற்றிடத்தை இரு பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மியூனிக்காரர் தன் முறையில் இரு அழைப்புக் குறிகளையும் ஆர் சேர்த்த அறிக்கையையும் முப்பது நொடியும் திரும்பத் திரும்ப அனுப்புகிறார். அந்த முப்பதில் அரை நொடி மட்டும் துகளுக்கு உரியது. அலை மேலே போய், தடத்தில் பட்டு, கீழே வர ஐந்து மில்லி நொடிகூட ஆகவில்லை. கீவ் கணினித் திரையில் வெறும் இரைச்சலுக்கு நடுவே ஒரு கூர்மையான மேடு எழுகிறது. ஒலிபெருக்கியில் ஒரு கீச்சொலி. எழுபது எழுத்து வந்திருக்கிறது. முழுச் செய்தி நான்கு முறை அடங்கும் அளவு. கீவ்காரர் அடுத்த முறையில் மூன்று ஆர் அனுப்பத் தொடங்குகிறார். அதைச் சுமந்துபோவது வேறொரு துகள்.

மதிப்பெண் யாருடையது

தொடர்பு முடிந்ததும் அது குறிப்பேட்டில் ஒரு வரியாகிறது. நேரம், அழைப்புக் குறி, அனுப்பிய அறிக்கை, பெற்ற அறிக்கை, மெய்டன்ஹெட் சதுரம். 1980-இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடிய ஹாம்கள் பூமி முழுவதையும் அகலாங்கில் ஒரு டிகிரி, நெட்டாங்கில் இரண்டு டிகிரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறி கொடுத்தார்கள். மியூனிக் இருப்பது ஜே.என்.58. எந்த மூலையில் இருப்பவரும் நான்கே எழுத்தில் தன் இடத்தைச் சொல்லிவிடலாம்; தூரம் தானாகக் கிடைத்துவிடும்.

போட்டி முடிந்தபின் குறிப்பேடுகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். இந்த விளையாட்டில் நான் மிக மதிப்பது இங்கேதான் இருக்கிறது. மற்ற ஆட்டங்களில் எதிரி இழந்தால் நமக்கு ஆதாயம். இங்கே எதிரி உன் செய்தியைச் சரியாகக் கேட்டு, சரியாக எழுதியிருந்தால்தான் உனக்கு மதிப்பெண். அவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் இருவருக்கும் நட்டம். ஆகவே நல்ல போட்டியாளர் வேகத்தைவிட எதிராளியின் பொறுமையையே அதிகம் நம்பியிருக்கிறார். அந்தப் பொறுமையைத் தானும் திருப்பித் தருகிறார். நிலையங்கள் ஒரே நேரத்தில் பெருகும்போது ஒவ்வொரு துகளுக்கும் வேலை கிடைக்கும் வாய்ப்பும் பெருகுகிறது. போட்டி இல்லாத இரவில் அதே துகள் எரிந்திருக்கலாம், தடமும் விழுந்திருக்கலாம். அனுப்பவும் கேட்கவும் ஆளில்லாமல் கலைந்திருக்கும்.

துகளின் கதை தடத்தோடு முடிவதில்லை. அதிலிருந்த சோடியமும் இரும்பும் மெக்னீசியமும் 90 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிய உலோக அணு அடுக்கில் போய்ச் சேர்கின்றன. பெரிய தொலைநோக்கிகள் அந்தச் சோடியத்தை லேசரால் ஒளிரச் செய்து, அதைச் செயற்கை விண்மீனாக வைத்துத் தம் பார்வையைச் சீராக்குகின்றன. மெல்ல மெல்ல அந்த அணுக்கள் நுண்புகையாகத் திரள்கின்றன. கோடையில் துருவப் பகுதிகளில் தோன்றும் இரவொளிர் மேகங்களின் பனிப்படிகங்கள் அந்தப் புகையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. மிச்சம் ஆண்டுகள் கடந்து பூமியில் படிகிறது.

2016-இல் ஸ்டீவன் ஃபிராங்கும் டெய்லரும் சேர்ந்து எம்.எஸ்.கே.144 என்ற புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். முழுச் செய்தியும் பிழைதிருத்தமும் சேர்ந்து 72 மில்லி நொடிக்குள் அடங்கிவிடும். எஃப்.எஸ்.கே.441 காலத்தில் வீணாய்ப் போன மிகக் குறுகிய பிங்குகளும் இன்று தொடர்பாகின்றன. இன்னும் சிறிய தூசிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அதனால் சிறிய ஆன்டெனாவும் குறைந்த ஆற்றலும் கொண்டவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. சம்பளமில்லாமல் விழித்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட கருவிகளே இதைச் சாத்தியமாக்கின.

2028 ஆகஸ்டில் பூமி ஸ்விஃப்ட்-டட்டில் 1479-இல் உதிர்த்த தூசிக்கு மிக அருகே போகும் என்று வானியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் சுற்றிவந்த துகள்கள் அவை. அவற்றின் நேரத்தை மாற்ற யாராலும் முடியாது. அனுப்புபவரும் கேட்பவரும் என்ற இரண்டு முனைகளைத் தயார் செய்வது மட்டுமே மனிதரின் பங்கு. அதில் ஒரு முனையாக ஆக உரிமமும் கணினியும் ஓர் ஆன்டெனாவும் வேண்டும். எல்லாவற்றையும்விட, மறுமுனையில் இருப்பவருக்காகக் காத்திருக்கும் மனம் வேண்டும்.